உருண்டால் போச்சு: லேனர்ஸ், லைசென்ஸ் கேள்வி–பதில்

லேனர்ஸ் (ஓட்டிப் பழகுவதற்கான அனுமதி), லைசென்ஸ் பற்றி தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் வாசகர்களிடமிருந்து நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

என் மகளுக்கு அடுத்த மாதம் 17 வயது முடிகிறது. இப்போதே லேனர்ஸ் எடுக்கலாமா? எழுத்துத் தேர்வு ரொம்பக் கஷ்டம் என்கிறாளே?
— ஒரு தாய், சாட்ஸ்வர்த்

அடுத்த மாதம் 17 முடிந்ததும் எடுக்கலாம். 3500 கிலோவுக்கு உட்பட்ட கார், பக்கி (பின்னால் திறந்த சரக்குத் தட்டுள்ள சிறு வண்டி) ஓட்டிப் பழக கோட் 2 லேனர்ஸ் வேண்டும். அதற்கு 17 வயது போதும். 125 சிசி வரையிலான மோட்டார் சைக்கிளுக்கு 16 வயதிலேயே தருகிறார்கள். ஆனால் கார் லைசென்ஸுக்கான ஓட்டுத் தேர்வுக்கு 18 ஆகியிருக்க வேண்டும்.

நாள் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். லேனர்ஸ் 24 மாதம் செல்லும். அதை நீட்டித் தரமாட்டார்கள், நாள் கடந்தால் முதலிலிருந்து எழுத வேண்டியதுதான். 17இல் எடுத்தால் 19இல் முடியும். 18க்குப் பிறகு ஓட்டுத் தேர்வுக்குக் கையில் இருப்பது ஒரே வருடம், அதில் தேதி கிடைக்கக் காத்திருக்கும் நாளும் அடக்கம். இருந்தாலும் சீக்கிரம் எடுப்பதே நல்லது என்போம். பழகக் கூடுதலாக ஒரு வருடம் கிடைக்கிறதே.

எழுத்துத் தேர்வில் 64 கேள்விகள். சாலைக் குறிகள் 28, அதில் 23 சரியாக இருக்க வேண்டும். சாலை விதிகள் 28, அதில் 22. வண்டியின் கருவிகள் 8, அதில் 6. மூன்றிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். குறியிலும் விதியிலும் 56க்கு 56 வாங்கிவிட்டு, கருவிகளில் 5 மட்டும் சரி என்றால் தோல்விதான். 64க்கு 61 வாங்கியும் வீட்டுக்குத் திரும்பலாம்! புத்தகம் படித்தவர்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான். படத்தில் கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர், கியர், ஹேண்ட்பிரேக் எல்லாவற்றுக்கும் எண் போட்டு, 'வண்டியை நிறுத்த எதை எதைப் பயன்படுத்துவீர்கள்' என்று கேட்பார்கள். இதற்குப் புத்தகம் வேண்டாம். எஞ்சின் போடாமல் நிறுத்தியிருக்கும் காரில் உட்காரவைத்து, ஒவ்வொன்றையும் தொட்டுப் பேர் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு மாலைப் பொழுது போதும்.

போகும்போது அடையாள அட்டை, பாஸ்போர்ட் அளவுப் படங்கள், முகவரிச் சான்று கொண்டு போக வேண்டும். எல்எல்1 படிவத்தை அங்கேயே நிரப்பலாம். கண் பரிசோதனையும் உண்டு. ஒவ்வொரு கண்ணிலும் 6/12 பார்வை வேண்டும். ஒரு கண் அதற்குக் குறைந்தால் மற்றதில் 6/9 இருக்க வேண்டும். கண்ணாடி போடுகிற பெண் என்றால் கண்ணாடியோடு போகட்டும். அழகுக்காக வீட்டில் வைத்துவிட்டுப் போய் முதல் மேசையிலேயே திரும்பி வருவார்கள் சிலர்.

நான் லேனர்ஸ் வைத்திருக்கிறேன். கடைக்குப் போகும்போது அண்ணன் பின்சீட்டில் உட்கார்ந்து போனில் இருக்கிறார். இது போதுமா?
— பீனிக்ஸ் வாசகர்

போதாது. அந்த வகை வண்டிக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள ஒருவர் உங்கள் பக்கத்து இருக்கையில் இருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கை இல்லாத வண்டி என்றால்தான் பின்னால். காசு வாங்கிக்கொண்டு யாரையும் ஏற்றவும் கூடாது. தனியாகவோ அண்ணனைப் பின்னால் வைத்தோ ஓட்டி ஓர் இடி இடித்தால், அபராதத்தை விடப் பெரிய தொல்லை இன்சூரன்ஸ். பணம் தர மறுக்க அவர்களுக்கு அது நல்ல காரணம். கல்யாண வீட்டில் இரண்டு கிளாஸ் போட்ட மாமாவைப் 'பக்கத்தில் சும்மா உட்காரட்டும்' என்று ஏற்றுவதும் வேண்டாம். ஹேண்ட்பிரேக்கை இழுக்கவேண்டிய நேரத்தில் அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

இரண்டு முறை யார்டிலேயே (தேர்வு மைதானத்திலேயே) தோல்வி. இரண்டு முறையும் ஏற்றத்தில் வண்டி ஒரு சாண் பின்னால் போய்விட்டது. பயிற்சியில் ஒழுங்காகத்தான் வருகிறது. எங்கே தப்பு?
— டொங்காட் வாசகர் (இதே கேள்வியை மேலும் நால்வர் கேட்டிருக்கிறார்கள்)

கே53 என்ற நம் ஓட்டுத் தேர்வு முறையில் எஞ்சின் நின்றால் புள்ளிதான் போகும். வண்டி பின்னால் உருண்டால் தேர்வே போய்விடும். ஒரு சாண் என்ன, ஒரு விரற்கடையும் உருளல்தான். அதனால் எஞ்சின் நின்றுவிடுமோ என்ற பயத்தை விட்டுவிட்டு உருளாமல் இருப்பதை மட்டும் பாருங்கள்.

வரிசை இப்படி. கோட்டுக்கு முன் கால்பிரேக்கில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக்கைப் பொத்தானை அழுத்தியபடி முழுக்க மேலே இழுத்துப் பொத்தானை விடுங்கள். கியர் நியூட்ரலில். அதன் பிறகே காலைப் பிரேக்கிலிருந்து எடுக்க வேண்டும். அப்போது வண்டி அசைந்தால் ஹேண்ட்பிரேக் போதவில்லை என்று அர்த்தம், உடனே கால்பிரேக்கை மிதித்து இன்னொரு பல் இழுங்கள். இனிக் கிளட்ச் முழுக்க உள்ளே, முதல் கியர். உள்கண்ணாடி, வலக்கண்ணாடி, வலது இண்டிகேட்டர். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து அந்தக் காலை அப்படியே பிடியுங்கள். கிளட்ச்சை மெல்ல மெல்ல விடுங்கள். எஞ்சின் சத்தம் தாழ்ந்து, பானெட் லேசாக மூக்கைத் தூக்கும். அதுதான் ஹாஃப் கிளட்ச். இடது கால் அங்கே சிலையாக நிற்க வேண்டும். இப்போது கண்ணாடி, வலத் தோளுக்கு மேல் பார்வை, முன்னால் பார்வை, ஹேண்ட்பிரேக் கீழே. வண்டி ஒரு கார் நீளம் நகரும் வரை கிளட்ச்சை முழுதாக விடாதீர்கள்.

பயிற்சியில் வருவது தேர்வில் வராமல் போவது பெரும்பாலும் தோளுக்கு மேல் பார்க்கும் அந்த ஒரு நொடியில்தான். தலை திரும்பும்போது இடுப்பும் திரும்புகிறது. இடுப்பு திரும்பினால் இடது கால் தன்னையறியாமல் கிளட்ச்சை ஒரு நூல் மிதிக்கிறது. தூக்கிய மூக்கு இறங்கிவிடுகிறது. இது தெரியாமல் ஹேண்ட்பிரேக்கை இறக்கினால் வண்டி பின்னால்தான் போகும். பயிற்சியில் தோளுக்கு மேல் பார்ப்பதைப் பாதியாகச் செய்திருப்பீர்கள், அதனால் தெரியவில்லை. தேர்வில் அதிகாரி பார்க்கிறார் என்று முழுதாகத் திரும்புகிறீர்கள்.

மருந்து எளியது. ஏற்றத்தில் ஹேண்ட்பிரேக் போட்டபடி ஹாஃப் கிளட்ச்சில் மூக்கைத் தூக்கி நிறுத்தி, தலையை மட்டும் வலப்பக்கம் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மூக்கு இறங்காமல் தொடர்ந்து ஐந்து முறை வந்துவிட்டால் போதும். ஆனால் ஒரே மூச்சில் நிறையச் செய்யாதீர்கள், கிளட்ச் தட்டு கருகிய வாடை வரும். நடு நடுவே முழுக்க மிதித்து ஓய்வு கொடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். அன்று கனத்த அடியுள்ள செருப்போ புது ஷூவோ வேண்டாம், மெல்லிய அடியும் குதிகாலைப் பிடிக்கும் வாரும் இருக்கட்டும். தேர்வு வண்டி பள்ளியின் வேறொரு கார் என்றால் முந்திய ஐந்து நிமிடத்தில் அதன் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று பார்த்துவிடுங்கள். தேய்ந்த கிளட்ச் மேலே வந்துதான் பிடிக்கும்.

சாலைத் தேர்வில் யாரையும் இடிக்கவில்லை, வேகமும் தாண்டவில்லை. ஆனாலும் புள்ளி போய்த் தோற்றேன். நியாயமா?
— வெருலம் வாசகி

நியாயம்தான். நீங்கள் கண்ணாடி பார்த்திருக்கலாம். பார்த்தது அதிகாரிக்குத் தெரிந்ததா என்பதே கேள்வி. கருவிழியை மட்டும் உருட்டினால் அவருக்குத் தெரியாது. முகவாய் கொஞ்சம் அசைய வேண்டும். திரும்பவோ, தடம் மாறவோ, கிளம்பவோ போகும்போது உள்கண்ணாடி, பக்கக் கண்ணாடி, இண்டிகேட்டர், மறுபடி கண்ணாடி, தோளுக்கு மேல் பார்வை என்ற வரிசை உடம்பில் ஊறியிருக்க வேண்டும். தோளுக்கு மேல் பார்த்துவிட்டுப் பத்து விநாடி கழித்துக் கிளம்பினால் அந்தப் பார்வை பழசு, திரும்பப் பாருங்கள்.

அடுத்தது நால்வழி ஸ்டாப். கோட்டில் சக்கரம் முழுக்க நிற்க வேண்டும், ஊர்ந்து போவது நின்ற கணக்கில் சேராது. முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். வலப்பக்கத்தவருக்கு வழி என்பது வட்டச் சந்திப்புக்கான விதி, இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் பலர். மின்வெட்டில் ரோபோ (போக்குவரத்து விளக்கு) அணைந்திருந்தால் அந்தச் சந்திப்பும் நால்வழி ஸ்டாப்தான். டாக்சிக்காரர் நிற்காமல் போகிறாரே என்று கேட்காதீர்கள், அவருக்கு இன்று தேர்வு இல்லை!

தேர்வுக்குக் கொண்டு போகும் வண்டியையும் முதல் நாளே பாருங்கள். பிரேக் விளக்கு எரியாவிட்டால், முன்கண்ணாடியில் ஒட்டும் வண்டியின் லைசென்ஸ் டிஸ்க் நாள் கடந்திருந்தால், டயர் பட்டன் 1 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் தேர்வே தொடங்காமல் போகலாம்.

கோட் 8 எடுப்பதா, கோட் 10 எடுப்பதா?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

கோட் 8 என்பது கார் லைசென்ஸ். மக்கள் கோட் 10 என்று சொல்லும் சி1, 3500 முதல் 16000 கிலோ வரையான லாரிக்கு. அதை வைத்துக் காரும் ஓட்டலாம். அதனால், வேலைக்கும் உதவும் என்று பலர் நேரே அங்கே போகிறார்கள். அதற்கு லேனர்ஸ் கோட் 3, வயது 18. லாரி ஓட்டும் வேலை உங்கள் கண்ணில் இருந்தால் சரி. சரக்கு லாரிக்குத் தொழில்முறை அனுமதியும் தனியே எடுக்க வேண்டியிருக்கும், பயணிகளை ஏற்றுவதானால் அதற்கு 21 வயது. கார்த் தேர்வில் வரும் இணைநிறுத்தத்துக்கு (பாரலல் பார்க்கிங்) பயந்து மட்டும் லாரியில் தேறியவர் பிறகு ஓட்டப்போவது கார்தானே? சந்தைக்கு முன்னால் இரண்டு கார்களுக்கு நடுவே நிறுத்த என்றைக்குப் பழகப்போகிறார்? காரே போதும் என்பவர் கோட் 8 எடுக்கட்டும். ஆட்டோமேட்டிக் காரில் தேறினால் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டலாம் என்று அட்டையில் கட்டுப்பாடு விழும்.

தேறிவிட்டேன். நாளையிலிருந்து தனியாக ஓட்டலாமா? புது ஓட்டுநருக்குத் தனி விதி உண்டா?
— ஸ்டேங்கர் வாசகர்

தேறியதற்கான தாள் லைசென்ஸ் ஆகாது. அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதே தற்காலிக லைசென்ஸும் கேட்டுப் பணம் கட்டி வாங்குங்கள். அது 6 மாதம் செல்லும், அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டலாம். பிறகு வரும் அட்டை 5 வருடத்துக்கு. ஓட்டும்போதெல்லாம் வண்டியில் இருக்க வேண்டும்.

சில நாடுகளைப் போலப் புதியவர் என்று காட்டும் பலகை இங்கே இல்லை. ஊருக்குள் 60, வெளிச்சாலையில் 100, ஃப்ரீவேயில் 120 என்பது எல்லோருக்கும் பொது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 0.05 கிராம் மது என்ற வரம்பும் பொது, தொழில்முறை ஓட்டுநருக்கு மட்டும் 0.02. புதியவருக்கு எங்கள் கணக்கு பூஜ்யம்தான், எத்தனை கிளாஸ் என்று கணக்குப் போட ஆரம்பித்தாலே தப்பாகும். இன்சூரன்ஸ்காரர்கள் மட்டும் புதியவரைத் தனியாகப் பார்க்கிறார்கள். 25 வயதுக்குக் கீழே, லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகாதவர் என்றால் விபத்தில் உங்கள் கையிலிருந்து போகும் தொகை பல பாலிசிகளில் கூடும். அப்பா பேரில் உள்ள காரை நீங்கள்தான் தினமும் ஓட்டுகிறீர்கள் என்றால் அதை எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

முதல் சில மாதம் இரவில் என்3 நெடுஞ்சாலையில் டவுன் ஹில் ஏற்றத்துப் பக்கம் போக வேண்டாம் என்போம். பனிமூட்டம் வந்தால் கனரக லாரிகளுக்கு நடுவே ஒன்றும் தெரியாது. 150 மீட்டர் தெளிவாகத் தெரியாவிட்டால் பகலிலும் விளக்குப் போட வேண்டும் என்பது சட்டம். பின்னால் வருபவருக்கு வழிவிட மஞ்சள் கோட்டுக்கு அப்பால் ஒதுங்குவதும் பகலில் மட்டுமே, அதுவும் முன்னே 150 மீட்டர் தெளிவாகத் தெரிந்தால்தான்.

காவடி அன்று கோயிலைச் சுற்றி எங்கே நிறுத்தினாலும் அபராதச் சீட்டு ஒட்டுகிறார்கள். என்ன அளவு?
— டர்பன் வாசகர்

சந்திப்பிலிருந்து 5 மீட்டருக்குள் கூடாது. பாதசாரிக் கடவைக்கு வந்து சேரும் பக்கத்தில் 9 மீட்டர் விட வேண்டும். தீயணைப்புக் குழாயின் இரு பக்கமும் ஒன்றரை மீட்டர். நடைபாதையில் ஏற்றுவது எப்போதும் தப்பு. 5 மீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு காரின் நீளத்துக்குச் சற்று அதிகம், அளந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை. பால்குடம் எடுத்து வெறுங்காலோடு நடந்து வருகிறவர்கள் நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்குவது பெரும்பாலும் நாம் ஏற்றி நிறுத்திய காரால்தான். கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.