சிங்கப்பூரில் கோயில், தேவாலயம் சார்பில் நடக்கும் மறுவாழ்வு இல்லம் என்றால் நாள் முழுக்க பஜனையும் ஜெபமும்தானா?

இல்லை. பகலில் பெரும்பாலோர் வேலைக்குப் போய்விடுவார்கள். இந்த இல்லத்தைச் சிங்கப்பூரில் ‘ஹாஃப்வே ஹவுஸ்’ என்பார்கள். போதைப்பொருள் வழக்கில் சிறைக்குப் போனவர், தகுதி இருந்தால், தண்டனையின் கடைசி மாதங்களை அங்கே கழிக்கலாம். சிறைத்துறையின் இந்தத் திட்டம் 1995-இல் தொடங்கியது. ஆக, இல்லத்தில் இருந்தாலும் அவர் இன்னும் கைதிதான். வேலைக்குப் போகலாம், ஆனால் குறித்த நேரத்துக்குள் திரும்பியாக வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனையும் உண்டு.

நம்மவர்களுக்குத் தெரிந்த பெயர் ‘ஆஷ்ரம்’. இந்து அறக்கட்டளை வாரியம் நடத்துவது. முஸ்லிம்களுக்குப் பெர்த்தாபிஸ், ஜாமியா இல்லங்கள். கிறிஸ்தவ இல்லங்களில் 1987-இல் தொடங்கிய ‘ஹெல்ப்பிங் ஹேண்ட்’ ஒன்று. அங்கே தங்குபவர்களே லாரியில் ஏறி வீடு மாற்றும் வேலை செய்வார்கள். தேக்கு அலமாரியைப் படிக்கட்டில் இறக்கும்போது முன்னால் பிடிப்பவரும் பின்னால் பிடிப்பவரும் ஒரே பழைய கதை உள்ளவர்கள். இதுவே பாதி சிகிச்சை என்பேன்.

சாமி கும்பிட்டால் பழக்கம் விட்டுவிடுமா? அப்படி நான் நம்பவில்லை. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் பழைய கூட்டாளியின் போன் வரும். அந்த நேரத்தில் போய் உட்கார ஓர் இடம், ‘சாப்பிட்டியா’ என்று கேட்க ஓர் ஆள். கோயிலோ சர்ச்சோ தருவது அதைத்தான். வெளியே வந்தபிறகும் அந்தக் கதவு திறந்திருக்கும் என்பது கூடுதல் வசதி.