ஸ்டீயரிங்கை வீட்டிலேயே பிரித்துப் பூட்டலாமா?

கேள்வி: அப்பா 1969இல் புதிதாக வாங்கிய ஃபியட் 1100 கார் இப்போது என்னிடம் இருக்கிறது. ஸ்டீயரிங்கில் ஆட்டம் அதிகமாகிவிட்டது, ஸ்டீயரிங் தண்டிலேயே இருக்கும் கை கியரும் சரியாக விழுவதில்லை. நான் டர்னராக, அதாவது கடைசல் இயந்திரத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் வீட்டு ஷெட்டிலேயே ஸ்டீயரிங் தண்டை மொத்தமாக இறக்கிப் பிரித்துவிட்டேன். தண்டைத் தாங்கும் வளையமான புஷ், பேரிங், கியர் லிவரின் தேய்ந்த பாகங்கள் எல்லாவற்றையும் மாற்றி நானே பூட்டப் போகிறேன். "ஆர்.டி.ஓ. அனுமதி வாங்காமல் ஸ்டீயரிங்கில் கை வைத்தால் அபராதம் போடுவார்கள், விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் ஒரு பைசா வராது" என்கிறார் நண்பர். இன்னொருவர், "பிரித்ததுதான் பிரித்தாய், புதுக் கார் ஒன்றின் பவர் ஸ்டீயரிங்கையே மாட்டிவிடு" என்கிறார். ஆர்.சி. புதுப்பிக்கும் தேதியும் நெருங்குகிறது. அப்பா காலமாகி இரண்டு ஆண்டு ஆகிறது. ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் உங்கள் பயத்தைப் போக்கிவிடுகிறேன். சொந்தக் காரைச் சொந்தக் கையால் பழுது பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆவது பிரிவைத்தான் உங்கள் நண்பர் மனதில் வைத்துப் பேசுகிறார். அந்தப் பிரிவு தடுப்பது மாற்றத்தை. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. எது மாற்றம் என்பதற்கும் அங்கேயே விளக்கம் உண்டு: வண்டியின் அடிப்படை அம்சமே மாறும்படி கட்டமைப்பில் செய்யப்படுவது. தேய்ந்த புஷ்ஷை எடுத்துவிட்டு அதே அளவில் புது புஷ் போடுவது அந்த விளக்கத்துக்குள் வராது. அந்த வண்டி பிறந்தபோது எப்படி இருந்ததோ, அந்த நிலைக்கு நீங்கள் அதைத் திருப்பிக் கொண்டுவருகிறீர்கள், அவ்வளவுதான்.

பவர் ஸ்டீயரிங் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். ஸ்டீயரிங் எந்த வகை என்று ஆர்.சி.யில் எழுதியிருப்பதில்லை, அதனால் இதுவும் மாற்றம் ஆகாது என்று வாதாட இடம் இருக்கிறது. ஆனால் 2019 ஜனவரியில் ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் மூல வடிவத்திலிருந்து விலகும் மாற்றங்களைக் கண்டிப்போடுதான் பார்த்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. வேறொரு காருக்காக வடிவமைத்த பாகத்தை வெட்டி, வெல்டிங் வைத்து, இந்தக் காரில் பொருத்திவிட்டு, பிறகு நீதிமன்றத்தில் நின்று வாதாடும் நிலை உங்களுக்கு வேண்டாம். பழைய தண்டையும் எங்கேயும் வெல்டிங் வைத்து ஒட்டாதீர்கள். வெல்டிங் விட்டுப்போய் விபத்து நடந்தால், அதற்குப் பிறகு உங்கள் பக்கத்தில் சொல்வதற்கு எதுவும் இருக்காது.

சரி, அனுமதி வேண்டாம் என்றால் சட்டம் உங்களிடம் எதைத்தான் எதிர்பார்க்கிறது? வேலையை எங்கே செய்தீர்கள், யார் செய்தார்கள் என்று அது கேட்பதில்லை. வேலை முடிந்த ஸ்டீயரிங் எப்படி இருக்கிறது என்றுதான் பார்க்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 98ஆவது விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஸ்டீயரிங் நல்ல நிலையில் இருக்க வேண்டும், ஸ்டீயரிங் சக்கரத்தில் வெற்று ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது, ஸ்டீயரிங் தடிகளை இணைக்கும் பால் ஜாயின்ட்களுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டோ பின்னோ கொண்டு இணைத்த இடங்கள் கழன்றுவிடாதபடி லாக் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

30 டிகிரி என்பது கடிகார முகத்தில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. நீங்களே அளந்து பார்க்கலாம். முன்சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டீயரிங் சக்கரத்தின் விளிம்பில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ஒருவரை வெளியே நின்று முன்டயரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, சக்கரத்தை ஒரு பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். டயர் அசையத் தொடங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, மறுபக்கமும் அதேபோலச் செய்யுங்கள். ஸ்டீயரிங் சக்கரத்தின் விட்டம் 40 சென்டிமீட்டர் என்றால், இரண்டு குறிகளுக்கும் நடுவே விளிம்பில் சுமார் 10 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் விதி மீறப்பட்டுவிட்டது என்று பொருள். ஆனால் இது சட்டம் பொறுத்துக்கொள்ளும் உச்ச அளவு மட்டுமே. புதிதாக வேலை பார்த்த ஸ்டீயரிங் அதன் பக்கத்தில்கூடப் போகக் கூடாது. தண்டில் எல்லாவற்றையும் புதிதாகப் போட்ட பிறகும் ஆட்டம் மிச்சம் இருந்தால், கோளாறு ஸ்டீயரிங் பாக்ஸிலோ பால் ஜாயின்ட்களிலோ இருக்கிறது. தண்டை மட்டும் சரிசெய்துவிட்டு வேலை முடிந்தது என்று ரோட்டில் இறங்கிவிடாதீர்கள். நட் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னையும் மடக்கிய லாக் வாஷரையும் ஒரு முறை கழற்றிவிட்டால் திரும்பப் போடாதீர்கள். சின்னச் சாமான்தான், ஆனால் 98ஆவது விதி "லாக் செய்யப்பட்டிருக்க வேண்டும்" என்று சொல்வது இந்த இடத்தைத்தான்.

இதன் மறுபக்கம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவு. தெரிந்த கோளாறோடு வண்டி ஓட்டினாலும் குற்றம், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக் கூடிய கோளாறோடு ஓட்டினாலும் குற்றம். அந்தக் கோளாறால் விபத்து நடந்து யாருக்காவது காயமோ சொத்துச் சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உயிர் போனால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு வரும், அதில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. "சாதாரணக் கவனம்" என்ற சொல்லை மனதில் வையுங்கள். டர்னராக வேலை பார்த்தவருக்கு எது கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்ற கேள்வி, இரும்பைத் தொட்டே பார்க்காதவரிடம் கேட்பதைவிட உங்களிடம் கடுமையாகவே கேட்கப்படும்.

இன்சூரன்ஸ் பற்றி நண்பர் சொன்னது பாதி தவறு. உங்கள் வண்டியால் வழியில் போகிறவருக்கு அடிபட்டால், வண்டியில் இயந்திரக் கோளாறு இருந்தது என்பதைச் சொல்லிக் கம்பெனி அவருக்கு இழப்பீடு தராமல் தப்ப முடியாது. எந்தெந்தக் காரணங்களைச் சொல்லலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 150ஆவது பிரிவு வரையறுத்திருக்கிறது, அதில் இது இல்லை. உங்கள் சொந்த வண்டியின் சேதத்துக்குக் கேட்கும்போது நிலைமை வேறு. வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பாலிசியிலேயே இருக்கிறது. தேய்மானமும் இயந்திரப் பழுதும் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் உடைந்த தண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இது பராமரிப்புக் குறை என்று எழுதினால் அதை மறுக்க உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

1977இல் மினு மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் பொருந்தும். விபத்துக்குக் காரணம் மறைந்திருந்த இயந்திரக் கோளாறு என்று உரிமையாளர் சொன்னால், போதிய கவனம் எடுத்தும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே. ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தால் ஒரு பில்லாவது கையில் இருக்கும். வீட்டில் செய்கிறவரிடம் அதுவும் இருக்காது. வீட்டு வேலையின் உண்மையான சட்டப் பலவீனம் இது ஒன்றுதான். இதைச் சரிசெய்வது உங்கள் கையில் இருக்கிறது.

கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் தேதி தெரியும்படி படம் எடுங்கள். புதுப் பாகங்களைப் பில்லோடு மட்டும் வாங்குங்கள். நீங்களே கடைந்த புஷ் என்றால், என்ன உலோகம், உள்விட்டம் வெளிவிட்டம் என்ன என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பழைய பாகங்களை எடைக்குப் போட வேண்டாம், ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். எல்லாம் பூட்டிய பிறகு, உங்களுக்குச் சொந்தமோ நட்போ இல்லாத ஒரு மெக்கானிக்கிடம் காசு கொடுத்து வண்டியைப் பரிசோதிக்கச் சொல்லி, ஸ்டீயரிங் ஆட்டத்தின் அளவோடு கையெழுத்திட்ட சீட்டு வாங்குங்கள். நான் உங்களுக்காக நீதிமன்றத்தில் நின்றால் முதலில் எடுத்து வைக்கும் தாள் அதுவாகத்தான் இருக்கும்.

உங்கள் கடிதத்தில் ஸ்டீயரிங்கைவிட என்னை அதிகம் கவலைப்பட வைத்தது, ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது என்ற வரி. உரிமையாளர் இறந்தால், அந்தத் தகவலையும் வண்டியைத் தான் பயன்படுத்தப் போவதையும் வாரிசு 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்தால் மூன்று மாதம் வரை ஓட்டலாம், அதற்குள் படிவம் 31இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வழக்கமான பாலிசியிலும், உரிமையாளர் இறந்த பிறகு மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் நாள், இரண்டில் எது முந்தியதோ அதுவரைதான் பாதுகாப்பு. அப்பா பெயரிலேயே ஆன்லைனில் பணம் கட்டிப் புதுப்பித்து வந்திருந்தீர்கள் என்றால், சொந்தச் சேதத்துக்கு அந்தப் பாலிசியை நம்ப வேண்டாம். ஸ்டீயரிங்கை எவ்வளவு அருமையாகப் பூட்டியிருந்தாலும் இந்த ஓட்டையை அது அடைக்காது.

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு பெயர் மாற்றத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். தாமதத்துக்கு ஒரு தொகை கேட்பார்கள், கட்டிவிடுங்கள். உடன்பிறந்தவர்கள் யாராவது கையெழுத்துப் போடத் தயங்கினால், பேசித் தீர்க்க இதுதான் நேரம். பழைய கார்களின் மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது, தகராறும் அதோடு சேர்ந்து ஏறும்.

பெயர் உங்களுக்கு வந்ததும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். ஆர்.சி.யை வழக்கம்போல ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கலாம். அப்போது வண்டியை நேரில் பார்ப்பார்கள், ஸ்டீயரிங்கும் பரிசோதனையில் வரும். இல்லையென்றால் 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும், மூல வடிவம் கெடாமல் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் செய்யும் மாற்றங்களைத்தான் அந்த விதிகள் பெரிய அளவிலான மாற்றத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கின்றன, எனவே உங்கள் ஸ்டீயரிங் வேலை தடையாகாது. கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் விண்டேஜ் என்று பதிந்துவிட்டால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். அப்பாவின் காரில் குடும்பத்தோடு ஊர் சுற்ற ஆசை என்றால் வழக்கமான புதுப்பித்தலே உங்களுக்கு ஏற்றது.

பெயர் மாற்றமும் ஆர்.சி. வேலையும் முடியும்வரை சோதனை ஓட்டத்தைப் பொதுமக்கள் வந்துபோகாத, உங்கள் சொந்த இடத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிப்பதற்குள் ஆர்.சி. தேதி முடிந்துவிட்டால் தெருமுனை வரைகூட ஓட்டிப் பார்க்க வேண்டாம். தற்காலிகப் பதிவு காலாவதியான வண்டி விபத்தில் சிக்கியபோது, சொந்தச் சேதத்துக்குப் பணம் தர மறுத்த கம்பெனியின் முடிவை 2014இல் நரிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சரி என்றது. பரிசோதனைக்குக் கொண்டுபோகும் நாளிலும் வண்டியை வேறொரு வாகனத்தில் ஏற்றியே கொண்டுபோங்கள். உங்கள் நோட்டையும் மெக்கானிக்கின் சீட்டையும் மறக்காமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.