கணினி கேள்வி பதில்: பம்புக்கு முழு வேகம், ஃபேனுக்கு அளந்த வேகம்

கேள்வி (குன்னூர்): 240 மி.மீ. லிக்விட் கூலர் (பிராசசரின் சூட்டைப் பம்ப் ஓட்டும் திரவத்தால் ரேடியேட்டருக்குக் கொண்டுபோய், ஃபேன்களால் ஆற்றும் சாதனம்) பொருத்தியிருக்கிறேன். காலையில் ஆன் செய்தால் ‘சிபியு ஃபேன் எரர்’ என்று வந்து எஃப்1 அழுத்தச் சொல்கிறது. மதியம் வருவதில்லை. ஒயரை மாற்றிச் சொருகிவிட்டேனா?

பதில்: காலையில் மட்டும் வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சிபியு ஃபேன் ஹெட்டரில் (மதர்போர்டில் ஃபேன் ஒயரைச் சொருகும் பின்கள்) வரும் சுழற்சிக் கணக்கு ஓர் எல்லைக்குக் கீழே போனால், ஃபேன் நின்றுவிட்டது என்று மதர்போர்டு முடிவு கட்டிவிடும். ஏசுஸ் போர்டுகளில் இந்த எல்லை வழக்கமாக நிமிடத்துக்கு 600 சுற்று. உங்கள் ஊர்க் குளிரில் காலையில் பிராசசர் 20, 25 டிகிரியில் கிடக்கும். போர்டும் ஃபேனை 450, 500 சுற்றில் மெல்ல ஓட்டும். ஓடுகிற ஃபேனையே ஓடவில்லை என்கிறது, அவ்வளவுதான். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) சிபியு ஃபேன் வேகத்தின் கீழ் எல்லையை 200 அல்லது 300 ஆக்குங்கள். கண்டுகொள்ளாமல் விடும் ‘இக்னோர்’ மட்டும் வேண்டாம். நிஜமாகவே ஃபேன் நின்றால் சொல்ல ஆளிருக்காது.

இதே செய்தி எந்த நேரமும் வந்தால் கதை வேறு. அப்போது பெரும்பாலும் சிபியு ஃபேன் ஹெட்டர் காலியாக இருக்கும்.

கேள்வி (கோத்தகிரி): கூலரின் பம்பிலிருந்து மூன்று துளை கனெக்டர் ஒன்றும் சாட்டா பவர் ஒயர் ஒன்றும் வருகின்றன. இரண்டு ஃபேன்களுக்கும் நான்கு துளை. போர்டில் சிபியு ஃபேன், சிபியு ஆப்ட் (கூடுதல் சிபியு ஃபேனுக்கு), ஏஐஓ பம்ப் (லிக்விட் கூலரின் பம்புக்கு) என்று மூன்று ஹெட்டர். எதை எங்கே சொருகுவது?

பதில்: முதலில் பம்பின் மூன்று துளை கனெக்டரைத் திருப்பிப் பார்த்து, ஒயர்களை எண்ணுங்கள். ஒரே ஒயர்தான் என்றால் அது வேகத்தைச் சொல்லும் ஒயர். மின்சாரம் முழுக்க சாட்டா வழியே, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வருகிறது. சாட்டாவை விட்டுவிட்டால் பம்ப் ஓடாது. மூன்று ஒயரும் இருந்து சாட்டா இல்லாத கூலர்களில் 12 வோல்ட் ஹெட்டரிலிருந்தே போகும். எதுவானாலும் இடம் ஏஐஓ பம்ப் ஹெட்டர்தான். எம்எஸ்ஐ போர்டில் இதற்கு ‘பம்ப் ஃபேன்’ என்று பெயர்.

ஹெட்டரின் நான்கு பின்கள் வரிசையாக எர்த், 12 வோல்ட், வேகக் கணக்கு, வேகக் கட்டுப்பாடு. மூன்று துளை கனெக்டர் முதல் மூன்றில் உட்காரும், நான்காவது பின் வெளியே நிற்கும். அது சரிதான், பிளாஸ்டிக் நாக்கு இருக்கும் பக்கம் பார்த்துச் சொருகுங்கள், அழுத்தித் திணிக்க வேண்டியதில்லை.

ஃபேன்கள் இரண்டையும் ஸ்ப்ளிட்டரில் (ஒரு ஹெட்டரை இரண்டாகப் பிரிக்கும் ஒயர்) சேர்த்து சிபியு ஃபேன் ஹெட்டரில் கொடுங்கள். ஸ்ப்ளிட்டரின் இரண்டு முனைகளில் ஒன்றில் ஒரு பின் குறைவாக இருந்தால் பழுதென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். இரண்டு ஃபேனும் ஒரே ஒயரில் கணக்குச் சொன்னால் போர்டு குழம்பும் என்பதால் ஒன்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். சாதாரண ஹெட்டர் 1 ஆம்பியர் தாங்கும். ஃபேன் லேபிளில் 0.25 ஆம்பியர் என்றிருந்தால் இரண்டுக்கும் 0.5, கவலையில்லை. பம்பையும் அதே ஸ்ப்ளிட்டரில் சேர்ப்பது மட்டும் கூடாது. ஆம்பியர் தாங்கினாலும்கூட, ஃபேனுக்காகப் போர்டு வேகத்தைக் குறைக்கும்போது பம்பும் சேர்ந்து படுத்துவிடும்.

கேள்வி (கொடைக்கானல்): கூலர் புதுசு, பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் பேஸ்ட்டும் புதுசு. ஆனாலும் பிராசசர் 95 டிகிரிக்குப் போகிறது. பம்பிலிருந்து லேசான கொரகொரப்பு.

பதில்: கூலரைக் குறை சொல்லுமுன் இரண்டு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். ஓட்டம் ஒழுங்காக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். ஒன்று சுட்டு, மற்றது சில்லென்று இருந்தால் உள்ளே திரவம் ஓடவில்லை. பயாஸ் திரையில் சும்மா இருக்கும்போதே சூடு விடாமல் ஏறினால் உடனே அணைத்துவிடுங்கள்.

மலையூரில் இதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது பம்ப் ஹெட்டரின் ‘ஆட்டோ’ அமைப்பை. சமவெளியில் பிராசசர் எப்போதும் கொஞ்சம் சூடாகவே இருப்பதால் ஆட்டோவில் விட்டாலும் பம்புக்கு ஓரளவு வோல்ட் கிடைத்துவிடும். இங்கே குளிரைப் பார்த்துப் போர்டு வோல்டைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிடும். மூன்று ஒயர் பம்ப் முக்கி முனகும், சில சமயம் கிளம்பாமலே நிற்கும். பயாஸில் அந்த ஹெட்டரை டிசி முறைக்கு (வோல்டை மாற்றி வேகம் மாற்றுவது) மாற்றி ‘ஃபுல் ஸ்பீட்’ வையுங்கள். நான்கு ஒயர் பம்ப் என்றால் பிடபிள்யூஎம் (நான்காவது ஒயர் வழியே வேகம் மாற்றுவது), 100 சதவீதம். சத்தம் தாங்கவில்லை என்றால் அதை 75 வரை குறைக்கலாம். அதற்குக் கீழே நான் போகமாட்டேன்.

அதற்கும் அடங்காவிட்டால் ரேடியேட்டர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். கேபினெட்டின் அடியில் மாட்டியிருந்தால் பம்பே உச்சி. உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்றும் அங்கேதான் சேரும், அதுதான் கொரகொரக்கும். மேலேயோ முன்பக்கமோ மாற்றினால் காற்று ரேடியேட்டருக்குப் போய்விடும். பம்பின் அடிப் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்பதையும் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (உதகை): ஸ்வெட்டர் போட்டு உட்காரும் ஊரில் லிக்விட் கூலர் தேவையா? உள்ளே நீர் கோத்து போர்டு கெடாதா?

பதில்: ரேடியேட்டரால் அறையின் குளிருக்குக் கீழே எதையும் குளிர்விக்க முடியாது. அதனால் கூலரால் நீர் கோக்காது. ஜன்னல் வழியே வரும் மூடுபனிதான் பகை; நாள்கணக்கில் அணைத்து வைத்த கணினியின் பின்களில் பச்சை பூக்க வைப்பது அதுதான். குளிரில் கிடந்த கேபினெட்டை ஹீட்டர் ஓடும் அறைக்குக் கொண்டுவந்தால் ஒரு மணி நேரமாவது விட்டு ஆன் செய்யுங்கள்.

சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளும் சூடு குறையும். ஊரின் குளிர் அதைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். ஃபேனை 50 டிகிரி வரை 35 சதவீதம், 70இல் 70, 80இல் முழு வேகம் என்று வைத்தால் போதும். தேவையா என்றால், 65 வாட் பிராசசருக்குத் தேவையில்லை. நல்ல ஏர் கூலரே தாராளம்.

கேள்வி (கூடலூர்): கூலரின் கலர் விளக்குக்கு மூன்று துளை கனெக்டர். போர்டில் நான்கு பின் இருக்கிறது. ஒயரைப் பிரித்துச் சொருகலாமா?

பதில்: கூடாது. உங்கள் விளக்கு 5 வோல்ட், அந்த நான்கு பின் 12 வோல்ட். சொருகினால் விளக்கு போய்விடும். கூலரோடு சின்ன கன்ட்ரோலர் வந்திருந்தால் அதில் கொடுங்கள். இல்லையேல் சாட்டாவில் ஓடும் 5 வோல்ட் கன்ட்ரோலர் தனியாக வாங்கலாம். விளக்கு எரியாவிட்டாலும் கூலர் குளிர்விக்கும்.