மூன்று சதவீதக் கோபம்

கேள்வி: ஒன்பது வருடமாகச் சென்னை ஓ.எம்.ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) ஒரு பெரிய ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சி.டி.சி. (நிறுவனம் எனக்காக வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு) கடைசி ஹைக்குக்கு, அதாவது சம்பள உயர்வுக்கு, முன்னால் 12 லட்சம். 2023-ல் 4 சதவீத ஹைக், 2024-ல் 3, 2025-லும் 3. போன முறை முழுசாக வந்த வேரியபிள் பே (சம்பளத்தில் நிலையில்லாமல் கூடிக் குறையும் பகுதி) இந்த முறை 60 சதவீதம்தான். ரேட்டிங் மட்டும் நன்றாக இருக்கிறது. மேனேஜரிடம் கேட்டால் ‘பட்ஜெட் இல்லைம்மா’ என்கிறார். பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற அப்பாவோ, ‘எனக்கும் வருஷத்துக்கு 3 பர்சென்ட்தான் போட்டாங்க. நான் என்ன கெட்டா போயிட்டேன்? லட்ச ரூபாய் சம்பளத்துல உனக்கு என்ன குறை?’ என்கிறார். வீட்டுக் கடன் ஓடுகிறது. பேசாமல் பேப்பர் போட்டுவிடலாமா, அதாவது ராஜினாமா செய்துவிடலாமா என்று தோன்றுகிறது. நான் பேராசைப்படுகிறேனா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மேடவாக்கம்

பதில்: இல்லை. கோபப்பட உங்களுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தில் பாதியை மேனேஜர் மேலும், மீதியை உங்கள் மேலும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டுமே தப்பான இடம்.

முதலில் அப்பா. அவர் சொல்வது பொய்யில்லை, ஆனால் பாதிதான். ஏழாவது ஊதியக்குழு முறையில் அரசு ஊழியருக்கு வருடாந்திர ஊதிய உயர்வு 3 சதவீதம். அதற்கு மேல் அகவிலைப்படி என்று ஒன்று இருக்கிறது. விலைவாசிக் குறியீடு ஏறினால் ஜனவரியிலும் ஜூலையிலும் அதுவும் ஏறும். யாரும் ரேட்டிங் போட வேண்டாம், யாரிடமும் போய் நிற்க வேண்டாம். 2016 ஜனவரியில் பூஜ்யத்தில் தொடங்கிய மத்திய அரசின் அகவிலைப்படி, 2025 ஜூலைக் கணக்கில் 58 சதவீதம். கொரோனா காலத்தில் ஒன்றரை வருடம் நிறுத்தி வைத்த பிறகும் இந்த அளவு. தமிழக அரசும் அதையொட்டியே தருகிறது. அப்பாவின் ஓய்வூதியத்துக்கும் அது சேர்ந்து வருகிறது. அதாவது, அவருடைய 3 சதவீதம் விலைவாசியைச் சரிக்கட்டிய பிறகு கிடைத்த உயர்வு. உங்கள் 3 சதவீதத்துக்குள்ளேதான் விலைவாசியும் அடங்க வேண்டும். அது அடங்கவில்லை. நுகர்வோர் விலை உயர்வு 2022-23-ல் 6.7 சதவீதம், 2023-24-ல் 5.4, 2024-25-ல் 4.6. மூன்றையும் சேர்த்துப் பெருக்கினால் 17 சதவீதத்துக்கு மேல் போகிறது. உங்கள் மூன்று ஹைக்கும் சேர்ந்து 10 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. இத்தனைக்கும் இது நாடு முழுவதற்குமான சராசரி. உங்கள் வீட்டு ஸ்கூல் ஃபீஸ் இந்த வேகத்தில்தான் ஏறியதா என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் அதிகமாகக் கேட்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் வாங்கிய சம்பளத்தின் மதிப்பையே திரும்பக் கேட்கிறீர்கள். இதை அப்பாவிடம் இப்படியே சொல்லுங்கள். கணக்கு எழுதிப் பழகியவர், புரிந்துகொள்வார்.

வேரியபிளைச் சேர்த்துப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். உங்கள் 12 லட்சத்தில் 10 சதவீதம் வேரியபிள் என்று வைத்துக்கொள்வோம், பல இடங்களில் ஏறக்குறைய இந்த அளவுதான். போன முறை 1,20,000 முழுசாக வந்தது. இப்போது ஹைக்குக்குப் பிறகு சி.டி.சி. 12,36,000. அதில் நிலையான பகுதி 11,12,400, வேரியபிள் 1,23,600. அந்த வேரியபிளில் 60 சதவீதம் என்றால் 74,160. கூட்டினால் 11,86,560. சம்பள உயர்வுக் கடிதம் கையில் வந்த வருடத்தில், போன வருடத்தைவிட 13,440 ரூபாய் குறைவாக வாங்கப் போகிறீர்கள். நிறுவனம் உங்களுக்குத் தந்ததாகச் சொல்லும் மாதம் 3,000 ரூபாயிலும், வேரியபிள் பங்கு, பி.எஃப்.பில் இரண்டு பக்கத்துப் பிடித்தம், கிராஜுவிட்டிக்கான (பணிக்கொடை) ஒதுக்கீடு எல்லாம் போகக் கைக்கு வருவது 2,300 ரூபாய் அளவில்தான் நிற்கும்.

இதில் போனஸ் என்ற பேச்சுக்கே சட்டத்தில் உங்களுக்குப் பிடிமானம் இருக்கவில்லை. 1965-ன் போனஸ் சட்டம் சம்பளத்தில் குறைந்தபட்சம் 8.33 சதவீதத்தை போனஸாக உறுதி செய்தது, மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு மட்டும். அதற்கு மேலே உள்ளவர்களுக்கு ஆஃபர் லெட்டரில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். வேரியபிள் ‘நிறுவனத்தின் முடிவுக்கு உட்பட்டது’ என்று ஒரு வரி அதில் பெரும்பாலும் இருக்கும். எடுத்துப் பாருங்கள்.

இனி உங்களை உள்ளே அரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். ரேட்டிங் மட்டும் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், ‘அப்படி இருந்தும் ஏன்?’ என்பதுதான் உங்கள் கேள்வி. ரேட்டிங்கைப் பார்த்துப் பணம் ஒதுக்குவதில்லை என்பதுதான் பதில். இந்த வருடம் சம்பள உயர்வுக்கு இவ்வளவு என்று முதலில் மேலே முடிவாகிறது. அது ஒவ்வொரு பிரிவுக்கும் பிரிந்து, கடைசியில் உங்கள் மேனேஜரிடம் ஒரு எக்செல் ஷீட்டாக வந்து சேர்கிறது. பத்துப் பன்னிரண்டு பெயர்கள், பக்கத்தில் சதவீதம், கீழே கூட்டுத்தொகை. அந்தக் கூட்டுத்தொகை தாண்டக் கூடாது. உங்களுக்கு 3-ஐ 5 ஆக்க வேண்டுமென்றால் வேறு யாருக்கோ 3-ஐ 1 ஆக்க வேண்டும். ரேட்டிங்கிலும் இதே கதைதான். டீமில் அத்தனை பேரும் உயிரைக் கொடுத்து உழைத்திருந்தாலும், பெல் கர்வுக்காக, அதாவது இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்று முன்கூட்டியே வகுத்த விகிதத்துக்காக, இரண்டு பேரையாவது கீழே தள்ளச் சொல்வார்கள். இப்படித் தள்ளிவிட்டு ராத்திரி தூங்க முடியாமல் தவித்த மேனேஜர்கள் என்னிடம் பேசியிருக்கிறார்கள். ‘பட்ஜெட் இல்லை’ என்று உங்களுடையவர் சொன்னது அநேகமாக உண்மைதான். அவர் சொல்லாமல் விட்டது, அந்த பட்ஜெட் உங்கள் வேலையைப் பார்த்து வரவில்லை என்பதை.

பிறகு எதைப் பார்த்து வருகிறது? நீங்கள் வெளியே போய்விடுவீர்களா, மாட்டீர்களா என்பதைப் பார்த்து. 2022-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் இன்ஃபோசிஸை விட்டு நூற்றுக்கு 28 பேர் என்ற கணக்கில் போய்க்கொண்டிருந்தார்கள். மற்ற பெரிய நிறுவனங்களிலும் ஓட்டம்தான். அப்போது மட்டும் பணம் இருந்தது. மாறிப் போனவருக்கு 50 சதவீதம் வரை கூடுதல், போகாமல் இருந்தவருக்குக் கவுன்ட்டர் ஆஃபர், அதாவது போகாமல் தடுக்கக் கூட்டித் தரும் சம்பளம். ஒரே வருடத்தில் ஓ.எம்.ஆரில் உள்ள எல்லோருடைய திறமையும் கூடிவிடவில்லை. அடுத்த இரண்டு வருடத்தில் குறைந்துவிடவும் இல்லை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, அந்தப் பட்டியலில் இல்லாதவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். ‘வேலை இருக்கிறதே, அது போதும்’ என்ற அந்த பயம் இருக்கும்வரை 3 சதவீதம் போதும் என்று நிறுவனங்களுக்குத் தெரியும். ஆகவே அப்ரைசல் கடிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ‘நான் எங்கே சறுக்கினேன்’ என்று தேடாதீர்கள். அதில் அந்தத் தகவல் கிடையாது.

நிறுவனங்கள் தரப்பில் சொல்ல ஒன்றுமில்லையா? இருக்கிறது. 2023-க்குப் பிறகு அமெரிக்க வாடிக்கையாளர்கள் செலவைச் சுருக்கினார்கள், வளர்ச்சி மந்தமானது, போட்டியில் பில்லிங் ரேட்டும் (ஊழியரின் வேலைக்கு வாடிக்கையாளர் தரும் கட்டணம்) இறங்கியது. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சுமை யார் தோளில் ஏறியது என்று பாருங்கள். 2024-25-ல் டி.சி.எஸ். காட்டிய செயல்பாட்டு லாப விகிதம் 24 சதவீதத்துக்கு மேல். அதே வருடம் இன்ஃபோசிஸ் தலைமைச் செயல் அதிகாரி பெற்ற ஊதியம், பங்குகளையும் சேர்த்து, 80 கோடிக்கு மேல். இன்னொரு பக்கம் காலேஜ் முடித்து வரும் பிள்ளையின் ஆரம்பச் சம்பளம் பத்துப் பதினைந்து வருடமாக மூன்றரை லட்சத்தையே சுற்றி வருகிறது. 2010-ல் டாலர் 45 ரூபாய் சொச்சம். 2025-ல் 85-ஐத் தாண்டிவிட்டது. வருமானத்தின் பெரும்பகுதி டாலரில் வருகிற தொழிலில் இந்தச் சம்பளம் அசையவே இல்லை என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. 2024 ஆகஸ்டில் காக்னிசன்ட்டின் 2.52 லட்ச ரூபாய் அறிவிப்பு நாடு முழுக்கக் கொந்தளிப்பைக் கிளப்பியது. அது மூன்று வருடப் பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு, பொறியாளர்களுக்கு 4 லட்சத்தில் தொடங்குகிறது என்று அவர்கள் விளக்கம் தந்தார்கள். சரி, மாதம் 21,000 ரூபாயில் பெருங்குடியிலோ துரைப்பாக்கத்திலோ பி.ஜி. (சாப்பாட்டோடு தங்கும் விடுதி) வாடகை கொடுத்து, ஊருக்கும் பணம் அனுப்ப வேண்டிய ஒரு பி.எஸ்சி. பிள்ளைக்கு அந்த விளக்கம் என்ன செய்யும்?

உங்களிடம் கொஞ்சம் கடுமையாகவே ஒன்று சொல்ல வேண்டும். ஒன்பது வருடமாக ஒவ்வொரு ஏப்ரலிலும் தனியாகக் கொதித்து, தனியாக ஆறிப்போகிறீர்கள். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு எவ்வளவு ஹைக் என்று உங்களுக்குத் தெரியாது, உங்களுடையது அவருக்குத் தெரியாது. நம் ஊரின் பழக்கம் இது இல்லை. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் இதே நகரத்தில், பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்து உருவானது. நாட்டிலேயே முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். 2024-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலை நிறுத்தம் செய்து, நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஐ.டி. ஊழியர் சங்கங்கள் சென்னையில் இயங்கவும் செய்கின்றன. ஆள்தான் சேரவில்லை. ‘அதெல்லாம் ஃபேக்டரிக்காரங்களுக்கு’ என்ற நினைப்பு ஐ.டி. வளாகங்கள் இருக்கும் சிறுசேரி வரைக்கும் ஊறிக் கிடக்கிறது. ஐ.டி. கார்டு மாட்டியிருப்பதாலேயே நாம் தொழிலாளி இல்லை என்று நம்பியதால் யாருக்கு லாபம் என்று உங்கள் டீமில் பேசிப் பாருங்கள்.

நாளைக்கே செய்ய வேண்டியது இரண்டு. 60 சதவீதம் எந்தக் கணக்கில் வந்தது, அதில் கம்பெனி பங்கு எவ்வளவு, யூனிட் பங்கு எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், பதில் எழுத்தில் வரட்டும். அப்புறம் வெளியே இன்டர்வியூ கொடுக்கத் தொடங்குங்கள். புது இடத்தில் மொத்த சி.டி.சி.யைப் பார்த்து மயங்காமல், நிலையான பகுதி எவ்வளவு என்று பேரம் பேசுங்கள். வேரியபிள் குறைவாக இருந்தால் நல்லது.

பேப்பர் போடுவது அதற்கு அப்புறம்தான். கையில் ஆஃபர் லெட்டர் இல்லாமல் போடாதீர்கள். 90 நாள் நோட்டீஸ் பீரியட் இருக்கும் துறை உங்களுடையது. வீட்டுக் கடனுக்கு மாதா மாதம் இ.எம்.ஐ. போய்க்கொண்டிருக்கிறது, அதைக் கோபத்தில் மறந்துவிட வேண்டாம்.