நான்கு வருடக் கணக்கு எங்கே முடிகிறது?

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் எச்1பி விசாவில் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) செய்கிறேன். வரும் மே மாதத்தோடு நான்கு வருடம் முடிகிறது. இடையில் குழந்தை பிறந்தது. அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச், போஸ்ட்டாக்குகள் சொந்த ஆய்வுக்கு மாறுவதற்காகத் தரும் கே99 மானியத்துக்கு விண்ணப்பிக்கலாமா? விதிகள் மாறிவிட்டன, உனக்குத் தகுதியில்லை என்கிறார்கள் லேபில்.

பதில்: லேபில் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். குடியுரிமை அல்லது கிரீன் கார்டு கேட்பது, போஸ்ட்டாக்குகளுக்கு என்ஐஎச் தரும் இன்னொரு உதவியான எஃப்32 ஃபெல்லோஷிப். கே99 வெளிநாட்டவருக்கும் திறந்தே இருந்து வந்திருக்கிறது. உங்கள் விசா ஆய்வுக்காலத்துக்குப் போதுமா என்று சரிபார்ப்பது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு.

உங்களுக்கு உண்மையான சிக்கல் நாட்கணக்கில்தான். கே99-க்கு விண்ணப்பிப்பவரின் போஸ்ட்டாக் அனுபவத்துக்கு 2014-க்கு முன் ஐந்து வருடமாக இருந்த வரம்பு நான்காகக் குறைந்தது. அந்த வரம்பு மறுவிண்ணப்பத்துக்கும் பொருந்தும். பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். பிப்ரவரி 12 கெடுவுக்குள் அனுப்பினால் மதிப்பீடு ஜூன், ஜூலையில் நடக்கும். திருத்தி அனுப்ப நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டும். மே மாதமே உங்கள் காலம் முடிந்துவிடுவதால், ஒரே ஒரு வாய்ப்புதான். ஆனால் அந்த நான்கு வருடத்துக்குள் குழந்தை பெற்றவர்களுக்கு ஒரு வருட நீட்டிப்பு உண்டு. அது கிடைத்தால் நவம்பரும் உங்கள் கைக்குள் வந்துவிடும். தயங்காமல் கேளுங்கள், இது சலுகையல்ல.

நீட்டிப்பைத் தருவது என்ஐஎச். பல்கலைக்கழகத்தால் தர முடியாது. விதி மானியம் தருபவர் கையில்தான் என்பதற்கு ஓர் உதாரணம்: 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசின் அறிவியல் நிதி அமைப்பான என்எஸ்எஃப், ஆய்வு மாணவர்களுக்கான தன் ஜிஆர்எஃப்பி ஃபெல்லோஷிப் அறிவிப்பில் இரண்டாம் ஆண்டு பிஎச்டி மாணவர்களைத் தகுதியிலிருந்து நீக்கியது. கோடை முழுக்க எழுதிய பிள்ளைகளிடம் அதைச் சொல்வது எவ்வளவு கொடுமை! எந்தப் பல்கலைக்கழகமும் அவர்களுக்கு விலக்கு தர முடியவில்லை. எங்களைப் போன்ற மானிய அலுவலகங்கள் செய்யக்கூடியது, புதிய அறிவிப்பு வந்த அன்றே தயாராகிக்கொண்டிருக்கும் விண்ணப்பங்களை எடுத்து ஒவ்வொன்றாக ஒத்துப்பார்ப்பது. உங்கள் பெயர் எங்கள் பட்டியலிலேயே இல்லையென்றால் அதுவும் நடக்காது.

இன்னொன்று: மானியம் பல்கலைக்கழகத்தின் பெயருக்குத்தான் வருகிறது. எல்லாக் கோப்புகளையும் நீங்களே ஏற்றினாலும், கடைசியில் 'சப்மிட்' அழுத்தும் அதிகாரம் பல்கலைக்கழகத்தின் சார்பில் கையெழுத்திடுபவருக்கு மட்டுமே. கெடுவுக்குச் சில வேலைநாட்கள் முன்பே முழுக் கோப்பும் வேண்டும் என்று பல அலுவலகங்கள் கேட்பது அதனால்தான்.

இந்த வாரமே உங்கள் பணி நியமனக் கடிதம், மகப்பேறு விடுப்புக் கடிதம் இரண்டையும் இணைத்து மானிய அலுவலகத்துக்கு மெயில் போடுங்கள். அடுத்து, என்ஐஎச்-க்குள் நீங்கள் விண்ணப்பிக்கும் துறை நிறுவனத்தின் புரோகிராம் ஆபீசருக்கு எழுதி, நடப்பு அறிவிப்பின்படி உங்கள் தகுதிக்காலம் எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். பதில் போனில் வந்தால் போதாது, எழுத்தில் வாங்கி மானிய அலுவலகக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.