தடயவியல் மையத்தில் யாருக்கு இடம்?

கேள்வி: பல்கலைக்கழகங்களில் கணினி, செல்போன்களில் குற்ற ஆதாரம் தேடும் டிஜிட்டல் தடயவியல் மையம் இருக்கிறதே, அங்கே வேலை செய்பவர்கள் எல்லாம் ஹேக்கர்களா? கம்ப்யூட்டர் படிக்கும் என் மகள் அங்கே சேர ஆசைப்படுகிறாள்.

பதில்: ஹேக்கிங் தெரிந்தவர்களும் இருப்பார்கள், ஆனால் அவர்கள் மட்டும் போதாது. கணினிப் பேராசிரியர், சட்டம் படித்தவர், காவல்துறையில் புலனாய்வு செய்தவர், ஆராய்ச்சி மாணவர்கள், அப்புறம் செல்போனைப் பிரித்து மெமரி சிப்பைக் கழற்றிப் படிக்கத் தெரிந்த கைதேர்ந்த டெக்னீஷியன், இப்படிக் கலவையான குழுதான் நல்ல மையத்தை உருவாக்கும்.

என்னைக் கேட்டால் முதல் தகுதி பொறுமை. ஒரு ஹார்ட் டிஸ்க் வந்தால் அதை நேரடியாகத் திறந்து பார்க்க மாட்டார்கள். அதில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி வழியாக இணைத்து, பிட் பிட்டாக நகல் எடுத்து, மூலத்துக்கும் நகலுக்கும் ஹாஷ் மதிப்பு (உள்ளே இருக்கும் தரவிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஒரு குறியீடு) ஒன்றுதானா என்று பார்த்த பிறகு நகலில்தான் வேலையே தொடங்கும். ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த மதிப்பு மொத்தமாக வேறாகிவிடும். டிஸ்க் யார் கையிலிருந்து யார் கைக்கு, எப்போது போனது என்ற பதிவில் ஓட்டை விழுந்தால், எவ்வளவு திறமையாகக் கண்டுபிடித்தாலும் நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம்.

சரி, மகள் என்ன செய்யலாம்? இயங்குதளம், ஃபைல் சிஸ்டம், நெட்வொர்க் மூன்றையும் ஆழமாகப் படிக்கட்டும். இப்படிப்பட்ட டிஸ்க் நகலை ஆராய உதவும் ஆட்டோப்சி (Autopsy) என்ற மென்பொருள் இலவசம், இன்றே பழகலாம். கூடவே தெளிவாக எழுதவும் கற்றுக்கொள்ளட்டும், ஏனென்றால் அவளுடைய அறிக்கையைப் படிக்கப் போவது தொழில்நுட்பம் தெரியாத ஒரு நீதிபதியாக இருக்கலாம்.