கால்நடை கேள்வி–பதில்: பாசமாகக் கொடுத்தோம், பசு படுத்துவிட்டது

கேள்வி: மாட்டுப் பொங்கலன்று பசுவைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, வீட்டில் ஆளாளுக்கு ஒரு தட்டு சர்க்கரைப் பொங்கல் ஊட்டினோம். மறுநாள் காலை அசை போடவில்லை. சாணம் தண்ணீராகப் போனது. மதியத்துக்குள் படுத்துவிட்டது. டாக்டர் வந்து பாட்டில் ஏற்றித்தான் பிழைத்தது. வருஷத்துக்கு ஒரு நாள் ஆசையாகக் கொடுத்தது இப்படிச் செய்யுமா? மாமியார் கண் திருஷ்டி என்கிறார்.
– வாசகி, சங்ககிரி

பதில்: திருஷ்டி இல்லை அம்மா, பொங்கல்தான். அதிலும் ‘வருஷத்துக்கு ஒரு நாள்’ என்பதுதான் ஆபத்தே. தினமும் கொஞ்சம் தானியம் தின்று பழகிய மாடு இதை ஓரளவு தாங்கியிருக்கும்.

மாட்டின் பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. வைக்கோலையும் புல்லையும் மாட்டுக்காகச் செரித்துக் கொடுப்பவை அவைதான். அங்கே கார அமில நிலை (pH; எண் குறைந்தால் அமிலம் கூடுகிறது என்று பொருள்) சாதாரணமாக 6 முதல் 7 வரை இருக்கும். குழைய வெந்த அரிசியும் வெல்லமும் ஒரே நேரத்தில் கிலோக்கணக்கில் உள்ளே போனால், மாவையும் சர்க்கரையும் தின்னும் ஒரு வகை பாக்டீரியா மட்டும் சில மணி நேரத்தில் பல்கிப் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது. அந்த எண் 5-க்குக் கீழே இறங்கினால் நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். வயிறு அசைவதை நிறுத்திவிடும். அமிலம் ரத்தத்தில் இருக்கும் தண்ணீரை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் வயிற்றைத் தட்டினால் குடத்துத் தண்ணீர் போலத் தளும்புகிறது, கண் குழி விழுகிறது, சாணம் புளித்த வாடையோடு போகிறது. பல்லைக் கடிப்பது, தள்ளாடுவது, படுப்பது எல்லாம் அடுத்தடுத்து வரும். பிழைத்த மாட்டுக்கும் சில வாரம் கழித்துக் குளம்பில் வீக்கமும் நொண்டலும் வரலாம். அதையும் கவனித்து வாருங்கள்.

டாக்டர் வருவதற்குள் செய்ய வேண்டியது: தவிடு, புண்ணாக்கு, கஞ்சி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வைக்கோல் மட்டும் போடுங்கள். மாடு நின்றுகொண்டு, நன்றாக விழுங்கவும் செய்கிறது என்றால் 100 முதல் 150 கிராம் சமையல் சோடாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து மெதுவாகப் புகட்டலாம். ஆட்டுக்கு 15 முதல் 20 கிராம். வயிறு உப்புசம் என்று நினைத்து எண்ணெய் ஊற்றுகிறார்கள். எண்ணெய் அமிலத்தை முறிக்காது. படுத்துவிட்ட மாட்டுக்கு வாய்வழியாக எதுவுமே வேண்டாம். அதற்கு ரத்தக்குழாய் வழியாகத்தான் மருந்து ஏற்ற வேண்டும்.

அடுத்த பொங்கலுக்கு, படையல் வழக்கத்துக்காக இரண்டு கைப்பிடி போதும். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் மொத்தமே அவ்வளவுதான். அதை ஒருவர் கையில் ஒப்படையுங்கள். குழந்தைகள் ஆசைக்குப் பசும்புல், கரும்புக் கொழுந்தாடை, ஒரு பிடி அகத்திக்கீரை கொடுக்கட்டும். தானியத்தைத் தீவனமாகவே சேர்க்க நினைத்தால், சிறிது சிறிதாக இரண்டு மூன்று வாரத்தில் கூட்டிக்கொண்டு போனால் வயிறு பழகிவிடும். கோசாலைக்கு அண்டா அண்டாவாகச் சாதம் அனுப்பும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: அந்தப் பணத்துக்கு ஒரு வண்டி வைக்கோல் வாங்கி இறக்குங்கள்.

கேள்வி: இளங்கொடி (நஞ்சுக்கொடி) விழுந்த பிறகுதான் கன்றை ஊட்ட விடுவோம். முன்னாலேயே விட்டால் கன்றுக்குக் கழிச்சல் வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்த முறை கொடி விழவே அடுத்த நாள் ஆகிவிட்டது. கன்று பத்தாம் நாள் கழிச்சலில் போய்விட்டது. நாங்கள் எதையும் குறை வைக்கவில்லையே?
– வாசகர், மணப்பாறை

பதில்: கன்றைக் காப்பாற்றத்தான் காத்திருந்தீர்கள். ஆனால் அந்த ஒரு நாள்தான் அதற்கு முக்கியமான நாள். மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கருவிலேயே ஓரளவு கிடைத்துவிடும். மாட்டின் நஞ்சுக்கொடி அதைக் கடத்தாது. கன்று வெறுங்கையோடு பிறக்கிறது. முழுவதும் சீம்பாலில்தான் இருக்கிறது. அதை அப்படியே ரத்தத்துக்குள் வாங்கிக்கொள்ளும் திறன் கன்றின் குடலுக்குப் பிறந்த நிமிடத்திலிருந்து குறைந்துகொண்டே வந்து, சுமார் 24 மணி நேரத்தில் அடைத்துவிடும். அதன்பிறகு எவ்வளவு சீம்பால் குடித்தாலும் அது உணவாக மட்டும்தான் சேரும்.

எனவே பிறந்து ஒன்று, இரண்டு மணி நேரத்துக்குள் முதல் ஊட்டு. மொத்த அளவு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு: 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் 2.5 லிட்டர். இதில் பாதியாவது முதல் வேளையிலேயே போக வேண்டும். எழுந்து நிற்க முடியாத கன்றுக்குக் கறந்து, ஆறுவதற்குள் ரப்பர் பாட்டிலில் கொடுங்கள். கொடிக்காகக் காத்திருப்பது இன்னொரு விதத்திலும் தவறு. கன்று மடியை முட்டி ஊட்டும்போது தாயின் உடலில் ஆக்ஸிடோசின் சுரக்கிறது. கருப்பை சுருங்குவதும் கொடி கழல்வதும் அதனால்தான் எளிதாகிறது.

12 மணி நேரம் தாண்டியும் கொடி விழவில்லை என்றால் டாக்டரை அழையுங்கள். செங்கல், பழைய செருப்பு என்று எதையாவது கட்டித் தொங்கவிடாதீர்கள், கையால் இழுக்காதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் இடம் கிழிந்து ரத்தம் கொட்டும், கருப்பையில் சீழ் பிடிக்கும். அடுத்த சினைக்கே அந்தப் பசு ஆகாமல் போகலாம்.

கேள்வி: மிச்சமான இட்லி, காய்கறித் தோலைப் பாலித்தீன் பையில் கட்டித் தெருமாட்டுக்கு வைக்கிறேன். குப்பைக்குப் போவதற்கு இது மேல்தானே?
– வாசகி, தாம்பரம்

பதில்: பையோடு விழுங்கிவிடும். பை செரிக்காது, வெளியேயும் போகாது. பெருவயிற்றில் சுருண்டு சேர்ந்து, கடைசியில் தீவனத்துக்கே இடமில்லாமல் செய்யும். காய்த் தோலை மட்டும், கட்டாமல், கையிலேயே கொடுங்கள். ஊக்கு, ஆணி, ஸ்டேப்ளர் பின் இருக்கிறதா என்று ஒருமுறை கிளறிப் பாருங்கள். இரும்பு முனை வயிற்றைத் துளைத்து இதயம் வரை போன மாடுகள் உண்டு.

கேள்வி: மருந்து கரைத்து ஊற்றியபின் மாட்டுக்கு இருமலும் காய்ச்சலும் வந்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: மருந்தைவிட, ஊற்றிய விதத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். தலையை வானம் பார்க்கத் தூக்கி, நாக்கை வெளியே இழுத்துப் பிடித்து ஊற்றினால் மாட்டால் விழுங்க முடியாது. மருந்து நேராக நுரையீரலுக்குப் போகும். ஓரிரு நாளில் காய்ச்சலும், மூக்கில் நாற்றமடிக்கும் சளியும் வரும். அப்படி இருந்தால் இன்றே மருத்துவம் பார்க்க வேண்டும்.

மூக்கு நுனி கண்ணின் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. நாக்கைத் தொடாமல், கடைவாய் ஓரமாகக் குப்பியை நுழைத்து, ஒவ்வொரு மடக்காக விழுங்க விட்டு ஊற்றுங்கள். இருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள். எண்ணெய் இன்னும் மோசம்; தொண்டையில் உறுத்தாமல் இறங்குவதால் இருமல்கூட வராது. கன்று ஈன்று பால் காய்ச்சலில் (ரத்தத்தில் கால்சியம் குறைவதால் வரும் தளர்ச்சி) சாய்ந்து கிடக்கும் மாட்டுக்கு விழுங்கும் உணர்வே குறைந்திருக்கும். அதற்குத் தெம்பு வரட்டும் என்று கஞ்சி ஊற்றி இழந்தவர்கள் நிறைய. அதற்குக் கால்சியம் ஊசிதான்.

கேள்வி: மாட்டின் வலிக்குப் போட்ட ஊசியால் பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்தன என்கிறார்கள். நம்ப முடியவில்லை.
– வாசகர், மசினகுடி

பதில்: உண்மைதான். டைக்குளோஃபினாக் மாட்டின் வலியையும் வீக்கத்தையும் நன்றாகவே குறைத்தது, விலையும் மலிவு. மாடு கஷ்டப்படக் கூடாது என்றுதான் போட்டார்கள். ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு இறந்து, அந்த உடலைத் தின்ற பாறு கழுகுகளின் (பிணந்தின்னிக் கழுகுகளின்) சிறுநீரகம் செயலிழந்தது. யூரிக் அமிலம் உள்ளுறுப்புகள் மேல் வெள்ளையாகப் படிந்து, சில நாட்களில் இறந்தன. 2004-இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வில் இது உறுதியானது. அதற்குள் காலம் கடந்திருந்தது. 1990-களில் தொடங்கி 2007-க்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் போய்விட்டன. வருஷத்துக்கு ஒரே முட்டையிடும் பறவை இந்த இழப்பை எளிதில் ஈடுகட்டாது. முன்பு கழுகுகள் தின்று தீர்த்துவந்த உடல்கள் இப்போது அழுகிக் கிடந்தன, தெருநாய்களுக்குத் தீனியாயின.

கால்நடைக்கு இந்த மருந்தை இந்தியா 2006-இல் தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்குப் பயன்படுத்தியதால், 2015-இல் 3 மில்லிக்கு மேற்பட்ட ஊசிக் குப்பிகளுக்கும் தடை வந்தது. 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபினாக் இரண்டும் கால்நடைக்குத் தடை செய்யப்பட்டன. உங்கள் ஊரைச் சுற்றிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் தென்னிந்தியாவில் மிஞ்சிய பாறுகளில் பெரும்பகுதி இருக்கிறது. எனவே உங்களுக்கு இதில் பொறுப்பு அதிகம்.

வலி ஊசி தேவைப்பட்டால் டாக்டரிடம் மெலாக்சிகம் அல்லது டோல்ஃபினாமிக் அமிலம் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். இரண்டும் பாறுகளுக்குக் கேடில்லை என்று சோதிக்கப்பட்டவை. மெலாக்சிகம் அளவு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், 300 கிலோ மாட்டுக்கு 150 மில்லிகிராம். ஒரு மில்லியில் 5 மில்லிகிராம் உள்ள குப்பி என்றால் 30 மில்லி. மருந்துக் கடையில் நீங்களாக ‘வலி ஊசி’ என்று கேட்டு வாங்க வேண்டாம். வேறு ஏதாவது ஊசி போட்ட மாடு இறந்துவிட்டால், திறந்த வெளியில் போடாமல் ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.